வாட்ச்மென் (2009 திரைப்படம்)

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த கிராஃபிக் நாவலைத் தழுவி, சாக் ஸ்னைடர் இயக்கிய அமெரிக்கத் திரைப்படம் வாட்ச்மென். 2009 மார்ச் 6 அன்று அமெரிக்காவில் வெளியானது. முகமூடி அணிந்து நீதி வழங்கக் கிளம்புகிறவர்களின் மனத்தையும் அதிகார ஆசையையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் இக்கதை, திரைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூலநூலை டிசி காமிக்ஸ் 1986, 1987 ஆண்டுகளில் 12 இதழ்களாக வெளியிட்டது. வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ். சார்ல்டன் நிறுவனத்திடமிருந்து டிசி வாங்கியிருந்த பழைய நாயகர்களை வைத்தே மூர் முதலில் கதையை யோசித்தார். அப்படிச் செய்தால் அந்த நாயகர்கள் வேறு கதைகளுக்கு உதவாமல் போவார்கள் என்று கருதிய டிசி ஆசிரியர் டிக் ஜியோர்டானோ, புதியவர்களைப் படைக்கச் சொன்னார். ரோர்ஷாக்கும் டாக்டர் மன்ஹாட்டனும் அப்படிப் பிறந்தவர்கள். கதை நடப்பது 1985இல். வியட்நாம் போரில் அமெரிக்கா வென்றிருக்கிறது, நிக்சன் இன்னும் அதிபராக இருக்கிறார், அணு ஆயுதப் போர் எந்த நேரமும் மூளலாம்.

பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. ஐந்தாம் இதழின் முதல் பக்கத்துக்கு இணையாகக் கடைசிப் பக்கமும், இரண்டாவதற்கு அதற்கு முந்தையதும் என, முழு இதழும் நடுப்பக்கத்தைக் கண்ணாடியாகக் கொண்டு அமைந்திருக்கிறது. புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவருக்கே அது பிடிபடும். திரையரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இந்நூலைப் படமாக்க முயன்ற ஒவ்வொருவரையும் இச்சிக்கல் துரத்தியது.

1986லேயே லாரன்ஸ் கார்டனும் ஜோயல் சில்வரும் இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் நிறுவனத்துக்காகப் பட உரிமையைப் பெற்றனர். திரைக்கதை எழுத மூர் மறுக்க, சாம் ஹாம் எழுதினார். பின்னர் இயக்கும் பொறுப்பேற்ற டெர்ரி கில்லியம், ஐந்து மணி நேரத் தொடராக எடுத்தால்தான் கதை தாங்கும் என்று சொல்லி விலகினார். அடுத்து டேரன் அரோனாஃப்ஸ்கி, பால் கிரீன்கிராஸ் ஆகியோரின் பெயர்கள் வந்து போயின. திட்டம் ஃபாக்ஸை விட்டு வார்னர் பிரதர்ஸிடம் வந்தபின், 2006இல் அந்நிறுவனம் ஸ்னைடரை அமர்த்தியது. 2007 செப்டம்பரில் வான்கூவரில் படப்பிடிப்பு தொடங்கியது.

படம் தயாராகிக்கொண்டிருக்கையில் ஃபாக்ஸ் வழக்குத் தொடுத்தது. பழைய உரிமை இன்னும் ஃபாக்ஸிடம்தான் இருக்கிறது என்று 2008 டிசம்பர் 24 அன்று நீதிபதி கேரி ஃபீஸ் தீர்ப்பளித்தார். வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், வசூலில் ஃபாக்ஸுக்குப் பங்கு தர ஒப்புக்கொண்டு வார்னர் சமரசம் செய்துகொண்டது.

ஸ்னைடர் நூலின் கட்டங்களையே காட்சிக்கான வரைபடமாகக் கொண்டார். மன்ஹாட்டனாக நடித்த பில்லி க்ரூடப் நீல விளக்குகள் பதித்த உடையை அணிந்து நடித்தார். அதனால் எதிரே நிற்பவர்களின் முகத்தில் உண்மையான நீல ஒளி விழுந்தது. அவருடைய உடல் பின்னர் கணினியில் உருவாக்கப்பட்டது. ரோர்ஷாக்காக வந்த ஜாக்கி எர்ல் ஹேலியின் கரகரத்த குரலும், முகமூடி கழன்ற பின் வெளிப்படும் வெறியும் படத்தின் மிகப் பெரிய பலம்.

ஆனாலும் உருவத்தில் இவ்வளவு நெருங்கிய படம் உணர்வில் விலகிப்போகிறது. முகமூடி நாயகர்களில் ஒருவரான காமெடியனின் கொலையை எடுத்துக்கொள்வோம். நூலில் அது துப்பறிவாளர்களின் சலிப்பான பேச்சுக்கிடையே சிவப்புக் கட்டங்களாகச் சிதறிக் கிடக்கிறது. படிப்பவருக்கு அருவருப்புதான் மிஞ்சும். படத்தில் அதுவே சுவர் பெயரும் நீண்ட சண்டையாகி, மெதுவியக்கத்தில் ரசிக்கும்படி நிற்கிறது. எந்த வன்முறை மோகத்தை மூர் கண்டித்தாரோ, அதற்கே படம் இடம் கொடுத்துவிடுகிறது.

மாறாக, நூலில் இந்த வடிவில் இல்லாத தொடக்கக் காட்சித்தொகுப்பில் ஸ்னைடர் உச்சம் தொடுகிறார். பாப் டிலன் பாட்டின் பின்னணியில் நாற்பது ஆண்டு மாற்று வரலாறு ஏறக்குறைய அசையாத படங்களாக நகர்கிறது: போர் முடிந்த நாளில் தெருவில் ஒரு செவிலியை முத்தமிடும் வீராங்கனை, கென்னடியைச் சுடும் காமெடியன், நிலவில் ஆம்ஸ்ட்ராங்கைப் படமெடுக்கும் மன்ஹாட்டன். பிரதி எடுப்பதை விட்டுச் சுயமாகச் சிந்தித்த அந்தச் சில நிமிடங்களே மூலநூலுக்கு உண்மையாக இருக்கின்றன.

முடிவிலும் ஸ்னைடர் ஒரு மாற்றம் செய்தார். நூலில் நியூயார்க்கை அழிப்பது, முன்னாள் நாயகர்களில் ஒருவரான ஓஸிமாண்டியாஸ் உருவாக்கிய ராட்சத உயிரி. படத்தில் பல நகரங்கள் வெடித்துச் சிதற, பழி மன்ஹாட்டன் மேல் விழுகிறது. வாசகர்கள் இதைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். கதைக்குள்ளேயே இருக்கும் ஒருவரைக் காரணமாக்கியதால் திரைக்கதை இறுகுகிறது என்பதை மறுக்க முடியாது.

மூர் படத்தில் தன் பெயர் வரக் கூடாது என்றார். தன் பங்குப் பணத்தைக் கிப்பன்ஸுக்கே விட்டுக்கொடுத்தார். இந்தக் கசப்பு பழையது. நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது ஒப்பந்தம். விற்பனை ஓயாததால் டிசி தொடர்ந்து அச்சிட்டது, உரிமை திரும்பவேயில்லை. ஒரு படைப்பு வென்றதே படைத்தவரின் கையிலிருந்து அதைப் பறித்தது கொடுமை. கிப்பன்ஸோ படக்குழுவுடன் ஒத்துழைத்தார்.

சுமார் 13 கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் ஏறத்தாழ 18.5 கோடி டாலர் வசூலித்தது. எதிர்பார்ப்புக்கு இது குறைவு. திரையரங்குப் பதிப்பு 162 நிமிடம். பின்னர் 186 நிமிட இயக்குநர் பதிப்பும், நூலுக்குள் வரும் கடற்கொள்ளையர் கதையை இயங்குபடமாகச் சேர்த்த 215 நிமிடப் பதிப்பும் வந்தன. 2019இல் டேமன் லிண்டலாஃப் எச்பிஓவுக்காக உருவாக்கிய தொடர், ஸ்னைடரின் முடிவை ஒதுக்கிவிட்டு நூலின் ராட்சத உயிரியை ஏற்றுக்கொண்டது. 1921இல் டல்சாவில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டதிலிருந்து தன் கதையைத் தொடங்கிய அத்தொடர், 2020இல் 11 எம்மி விருதுகளைப் பெற்றது.