பூஜ்யம் எங்கே போனது? - வரைபட அச்சின் கதை

ஒரு கடையின் நான்கு மாத விற்பனை 100, 101, 102, 103 என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழியின் மேட்பிளாட்லிப் கொண்டு இதைக் கோட்டு வரைபடமாகப் போட்டால், கோடு அடியிலிருந்து உச்சிக்கு விறுவிறுவென ஏறும். பட்டை வரைபடமாகப் போட்டால் நான்கு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரம்! எண்கள் அதேதான். செங்குத்து அச்சு தொடங்கும் இடம்தான் வேறு. மென்பொருளில் கோளாறு என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் இந்தச் சிக்கல் கணினியை விடப் பழையது.

1786ல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்கு மட்டுமே கிடைத்ததால், அதற்கு மட்டும் பட்டைகள் வரைந்தார். வணிகப் புள்ளிவிவரங்களைப் படமாகப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

படம் பெருகியதும் ஏமாற்றும் பெருகியது. 1915ல் அமெரிக்காவில் வில்லார்ட் பிரிண்டன் தலைமையிலான குழு விதிகளைப் பரிந்துரைத்தது. கூடியவரை பூஜ்யக் கோடு படத்தில் தெரிய வேண்டும். இடமில்லை என்றால் நடுவே வெட்டியாவது காட்ட வேண்டும் என்றது. 1954ல் டேரல் ஹஃப், புள்ளியியலால் பொய் சொல்வது எப்படி என்ற தன் நூலில், அச்சின் அடிப்பகுதியை வெட்டிச் சிறு உயர்வைப் பெரிதாக்கும் வித்தையைத் தோலுரித்தார்.

அப்படியானால் எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டுமா? இல்லை. காய்ச்சல் 98 டிகிரியிலிருந்து 104க்குப் போவதைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால், ஆபத்தே தெரியாது! பட்டையில் கண் நீளத்தை அளக்கிறது. கோட்டில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. வித்தியாசம் இதுதான்.

நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் உருவாக்கிய மேட்பிளாட்லிப் 2003ல் வெளிவந்தது. ஆரம்பத்தில் அது முழு எண்களாகப் பார்த்து அச்சின் எல்லையை வைத்தது. நம் கடைக்கு 100 முதல் 103 வரை. 2017ல் வந்த 2.0 பதிப்பு இரு பக்கமும் 5 சதவீதம் இடம் விட்டது. எனவே இப்போது 99.85 முதல் 103.15 வரை. பட்டைகளின் அடி மட்டும் பூஜ்யத்திலேயே ஒட்டி நிற்கும்.

செட் ஒய்லிம் என்ற ஒரு கட்டளையால் எல்லையை நாமே மாற்றலாம். மென்பொருளுக்குத் தெரிவது எண்கள் மட்டும்தான். அது காய்ச்சலா, விற்பனையா என்று அதற்குத் தெரியாது. அடுத்த முறை ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் லாபக் கோடு வானத்தைத் தொட்டால், முதலில் இடது ஓரத்து எண்களைப் படியுங்கள். பணம் போடுவதை அப்புறம் யோசிக்கலாம்!