ஆயாக் கொட்டகையும் அடைபட்ட வீடும்

சிலிம் ரிவர் என்றதும் 1942 சனவரி 7 இல் சப்பானியக் கவச வண்டிகள் குளூனி தோட்டத்தைக் கடந்து சென்ற போரையே வரலாற்று நூல்கள் விரித்துரைக்கும். அவ்வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் புறப்பட்ட தாய்மாரைப் பற்றி அவை பேசுவது அரிது. தாய் வேலைக்காட்டுக்குப் போனபின் கைக்குழந்தையைக் காத்தது ஆயாக் கொட்டகை. லயத்து முதியவள் ஒருத்தி அங்குப் பல வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டினாள். துரைமார் அதனை நடத்தியது இரக்கத்தினால் அன்று, வேலை தடைப்படக் கூடாதென்றே. எனினும், பிள்ளை வளர்ப்பு தாய் ஒருத்தியின் தனிச்சுமை ஆகாதிருக்க அது துணைநின்றது.

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இல்லாமற் போனது இத்தகைய துணையே. 2020 மார்ச்சு 18 இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பொருள் வாங்கக் குடும்பத் தலைவர் மட்டும் வெளியே செல்லலாம் என்றனர். அடுப்படியும் பிள்ளைகளின் பாடமும் பெரும்பாலும் பெண்டிர் தலையில் விழுந்தன. அம்மாத இறுதியில், கணவரை நச்சரியாதீர், வீட்டிலும் ஒப்பனை செய்துகொள்வீர் என்று மனைவியர்க்கு அறிவுரை கூறிய மகளிர் மேம்பாட்டுத் துறை, கண்டனம் எழுந்தபின் வருத்தம் தெரிவித்தது. ஊரார் பலர் எண்ணியதைத்தான் அத்துறை அச்சிட்டது போலும்!

தொற்றினால் 2020 இல் உலகில் கூடுதலாக நேர்ந்த கடும் மனச்சோர்வு 5 கோடியே 32 இலட்சம் பேருக்கு என்றும், அவருள் 3 கோடியே 55 இலட்சம் பேர் பெண்கள் என்றும் 2021 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. மலேசிய உடல்நல அளவாய்வில் 2019 இல் நூற்றுக்கு 2.3 ஆக இருந்த மனச்சோர்வு, 2023 இல் 4.6 ஆயிற்று.

பெண்மனம் மெலிது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவார் உளர். அது பொருந்தாது, ஏறிய சுமையை அவர்கள் கணக்கிற் கொள்ளவில்லை. ஆடவர் துயரம் குறைவு என்றும் துணிதற்கில்லை. இவ்வகை அளவாய்வு, வாய்திறந்து சொன்னவரையே எண்ணும். தோட்டத்து ஆடவர் பலர் மனத்துயரைச் சொல்லிப் பழகியவர் அல்லர், கள்ளுக்கடையில் ஆற்றிக்கொண்டவர். உலகில் தற்கொலையால் மாள்வோரில் ஆடவரே மிகுதி. மலேசியாவிலோ தற்கொலை முயற்சி 2023 வரை தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. 1911 இல் மனநோய் மருத்துவமனை அமைந்த தஞ்சோங் ரம்புத்தான், பேராக்கில் இன்னும் ஓர் ஏச்சுச் சொல்லாகவே வழங்குகிறது.