திண்ணனாரின் கன்னிவேட்டை

திருச்சிற்றம்பலம்

வேட்டைத் தொழிலுக்குப் புதியனாகிய ஒருவன் முதன்முதல் காடு புகுதலைக் கன்னிவேட்டை என்பது நம் முன்னோர் வழக்கு. 'கன்னி' என்னுஞ் சொல் ஈண்டு முதன்மை, புதுமை என்னும் பொருளது. முதன்முறை மலையேறும் ஐயப்ப அடியாரைக் கன்னிச்சாமி என்று அழைப்பதும் இதுபற்றியே. பண்டைநாளில் ஓர் இளைஞன் வேட்டைத் தொழிலில் எவ்வாறு புகுத்தப்பெற்றான், அவனுக்கு முதற்கண் எவை கற்பிக்கப்பெற்றன என்று அறிய விரும்புவார்க்குத் தமிழில் விரிவான சான்றாய் நிற்பது பெரியபுராணத்துக் கண்ணப்ப நாயனார் புராணமாகும். இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133-1150) காலத்தில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான், அரசியலைக் கண்ட அமைச்சர். நாடும் காடும் அறிந்தவர். ஆதலின் அவர் வாக்கில் பத்திச் சுவையோடு பழந்தமிழ் வேடர்தம் வாழ்க்கை வரலாறும் ஒருங்கே பொதிந்து கிடக்கின்றது.

கடற்கரை ஊராகிய கீழவாஞ்சூரில் வெளியாகும் குடமுழுக்கு மலரில் காட்டு வேட்டையைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். நெய்தல்நில மக்கள் கடலிற் சென்று மீன் கொள்ளுதலும் மீன்வேட்டை என்றே வழங்குகின்றது. வில்லும் நாயும் கொண்டு காடு புகுவார்க்கு உரிய அறம், வலையும் படகும் கொண்டு கடல் புகுவார்க்கும் உரியதே. அவ்வறம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குறிஞ்சித் திணைக்குரிய தொழில்களுள் வேட்டையாடுதலும் ஒன்று. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வேட்டை நாய்கள் சூழ வில்லேந்தி வருகின்றான். புறநானூற்றில் வன்பரணர், வல்வில் ஓரி விடுத்த ஓர் அம்பே யானை முதல் உடும்பு ஈறாகப் பல விலங்குகளை ஊடுருவிச் சென்ற திறத்தைப் பாடினார். இவை வேட்டையில் தேர்ந்தவர்தம் பெருமை. ஊருக்குத் தீங்கு செய்த புலியையும் காட்டுப் பன்றியையும் எதிர்த்து மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் தமிழகத்தில் புலிகுத்திக்கல் என்றும் பன்றிகுத்திக்கல் என்றும் வழங்குகின்றன. ஊணுக்காக மட்டுமன்றி, விளைநிலத்தையும் ஊரையும் காத்தற்பொருட்டும் வேட்டை நிகழ்ந்தது என்பதற்கு அக்கற்கள் சான்று பகர்கின்றன. இனி, தேர்ச்சி பெறாத இளைஞன் ஒருவன் இத்தொழிலில் அடியெடுத்து வைத்த வரலாற்றைப் படிப்படியாகக் காண்போம்.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனும் அவன் மனைவி தத்தையும் முருகப்பெருமானை வழிபட்டுப் பெற்ற மைந்தர் திண்ணனார். கையில் எடுக்கும்போது திண்ணென்று இருந்தமையால் அப்பெயர் இட்டனர். வேடர் சேரியில் பிற விலங்குகளைப் பிடித்தற்குப் பழக்கி வைத்திருக்கும் விலங்கைப் 'பார்வை' என்பர். அத்தகைய பார்வைப் புலி ஒன்றன் வாயை மலைக்குகை என்று எண்ணிக் குழந்தைத் திண்ணனார் கையை நீட்டினார். அதுகண்ட தந்தை, பசுந்தழைக் கொத்து ஒன்றை எடுத்து ஓங்கினான். குழந்தையின் கண்கள் நீர் ததும்பின. வேட்டுவச் சிறுவன் பெற்ற முதற்பாடம் இதுவே. எங்கே கை நீட்டலாகாது என்பதை அவர் முதலில் அறிந்தார். அம்பு தொடுக்கும் முறை பின்னரே வந்தது. தந்தை ஓங்கியதும் கோலன்று, தழை என்பதைப் பிள்ளை வளர்ப்போர் நினைவிற் கொள்ளுதல் நலம்.

வில் பயிலும் பருவம் வந்தது. நாகன் முதிய வில்லாசிரியரைக் கலந்து நன்னாள் குறித்தான். மலைவாழ் சுற்றத்தார் அனைவர்க்கும் செய்தி சென்றது. அவர்கள் மணியும் பொன்னும், புலித்தோலும், யானைக் கோடும், மயிற்பீலியும், தேனும், கிழங்கும் ஏந்தி வந்து குழுமினர். வில்லுக்குக் காப்புச் சேர்த்து விழா எடுத்த பின்னரே திண்ணனார் கையில் வில் கொடுக்கப்பெற்றது. ஒருவன் கொலைக்கருவியைக் கையில் ஏந்துமுன் ஊரும் உறவும் அறியவேண்டும், மூத்தோர் ஒருவர் ஆசிரியராய் நிற்கவேண்டும், கருவிக்கு ஒரு காப்பு வேண்டும் என்னும் நெறி இதனாற் புலப்படும். தானே ஒரு வில்லை வளைத்துக்கொண்டு தன் மனம்போலக் காட்டிற்குட் புகுதல் அக்குடியினர்க்கு வழக்கமன்று.

திண்ணனார் வில்லும் பிற படைக்கலங்களும் பல ஆண்டு பயின்று பதினாறு வயது நிரம்பினார். நாகன் மூப்படைந்தமையால் முன்போல் வேட்டைக்குச் செல்ல இயலவில்லை. பன்றி, புலி, கரடி முதலிய விலங்குகள் பெருகி மலைப்புனங்களை அழித்தன. வேடர் திரண்டு வந்து தலைவனிடம் முறையிட்டனர். 'மூத்தேன், இனி என் மகனை உங்கள் தலைவனாகக் கொள்ளுங்கள்' என்றான் நாகன். ஆகவே கன்னிவேட்டை என்பது இளைஞன் ஒருவன் விளையாட்டு விருப்பால் தொடங்கியதன்று. குடிகளின் முறையீட்டின்மேல் மூத்தோனிடமிருந்து இளையோன் ஏற்றுக்கொண்ட கடமை அது.

நாகன் தேவராட்டியை அழைத்துக் காட்டுத் தெய்வங்களுக்குப் பூசை செய்யுமாறு வேண்டினான். தன் குலமுறைப்படி உடைதோலும் சுரிகையும் மகனிடம் அளித்தான். மறுநாட் காலையில் தேவராட்டி வந்து வாழ்த்தியபின், திண்ணனார் வேடர் சூழப் புறப்பட்டார். நாய்கள் முன் சென்றன. வலைகள் காட்டைச் சுற்றிக் கட்டப்பெற்றன. பறைகள் ஒலித்து விலங்குகளை எழுப்பின.

இவ்விடத்தில் சேக்கிழார் பெருமான் ஒரு செய்தியை வைக்கின்றார். வேட்டை உக்கிரமாக நடக்கும் இடையிலே, அவ்வேடர் எவ்வெவற்றைக் கொல்லாது விடுத்தனர் என்று எண்ணிக் கூறுகின்றார். மடிந்த காதும் துடி போன்ற அடியும் உடைய யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. விலங்குகளின் சிறு குட்டிகள்மீது கொலைத்தொழில் செய்யவில்லை. கருவுற்று நடை தளர்ந்த பிணைமான்களை வருத்தவில்லை. எதிர்த்துப் பாய்ந்து வந்த கொடிய விலங்குகளையே வீழ்த்தினர். 'மறவோர்' என்று அவர்களைச் சுட்டும் அப்பாட்டிலேயே அவர்தம் அறம் ஒளிர்வதை உணர்க. கன்றும் கருவும் காக்கப்பெற்றாலன்றிக் காடு தழைத்தல் இல்லை. காடு தழையாவிடின் வேடர் குடியும் இல்லை. இரக்கமும் அறிவும் ஒன்றாய் நின்ற நெறி இது.

இந்நெறி தமிழ் வேடர்க்கு மட்டும் உரியது என்று கருதற்க. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னர் தம் எட்டாம் பாறைச் சாசனத்தில், முன்னை அரசர் மேற்கொண்ட வேட்டை முதலிய இன்பச் செலவுகளைத் தாம் விடுத்து அறச்செலவு மேற்கொண்டதைப் பொறித்தார். முடிசூடி 26 ஆண்டு கழிந்தபின் வெளியிட்ட ஐந்தாம் தூண் சாசனத்தில், சினையாயினும் பால் கொடுப்பனவாயினும் ஆடு, பன்றி ஆகியவற்றின் பெண்ணைக் கொல்லலாகாது என்றும், ஆறு திங்கள் நிரம்பாத அவற்றின் குட்டிகளையும் கொல்லலாகாது என்றும் விதித்தார். பேரரசன் கல்லில் வெட்டி விதித்ததை, எழுத்தறியாத வேடர் தம் குலவழக்கத்தில் வைத்துக் காத்தனர் என்பது நம் புராணம் காட்டும் காட்சி.

வரலாற்றைத் தொடர்வோம். பெரிய பன்றி ஒன்று வலையை அறுத்துக்கொண்டு ஓடியது. திண்ணனார் அதன் அடிச்சுவடு பற்றித் தொடர்ந்தார். அத்தனை வேடருள் நாணன், காடன் என்னும் இருவரே அவரைப் பின்தொடர வல்லராயினர். நெடுந்தொலைவு ஓடி இளைத்த பன்றி மலைச்சாரலில் மரநிழல் ஒன்றிற் புகுந்து நின்றது. திண்ணனார் அணுகித் தம் வாளினால் அதனை இரு துண்டாக வீழ்த்தினார். முதல் வேட்டையின் வெற்றி அது. ஆயின் புராணம் அங்கே முடியவில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகின்றது.

நீர் நாடிப் பொன்முகலி ஆற்றங்கரைக்கு வந்தனர். எதிரே காளத்தி மலை. தீக்கடைந்து வைக்குமாறு காடனிடம் சொல்லிவிட்டு, நாணனோடு மலை ஏறினார் திண்ணனார். ஏற ஏறத் தம்மேல் இருந்த பாரம் குறைவதுபோல் உணர்ந்தார். குடுமித்தேவரைக் கண்ட அளவில் பசியை மறந்தார், வேட்டையை மறந்தார், தம் தலைமையையும் மறந்தார். 'இவர் இங்கே தனியே இருக்கின்றாரே, இவருக்கு உணவு இடுவார் யார்?' என்பது ஒன்றே அவர் கவலையாயிற்று. காய்ச்சிய ஊனைச் சுவைத்து நல்லது தெரிந்து தேக்கிலைக் கல்லையில் வைத்தார். தலையிற் பூவும் வாயில் நீரும் கொண்டு மலைமீது விரைந்தார். தாம் ஒன்றும் உண்ணவில்லை. இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றார். கன்னிவேட்டையில் ஈட்டிய முதற்பொருள் அவர் வயிற்றுக்குச் செல்லவில்லை. இறைவன் திருமுன் சென்றது. அந்நாள் தொட்டு அவர் தமக்கென்று வேட்டையாடவும் இல்லை. ஆறாம் நாள் கண்ணையே இடந்து அப்பிய பெருஞ்செயல் அன்பர் அனைவரும் அறிந்ததே.

இங்கே ஓர் ஐயம் எழும். அடியேன் மடத்திற் பாடங்கேட்ட காலத்து மாணாக்கர் பலரும் எழுப்பிய ஐயமே அது: 'கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவம், உயிர்க்கொலை செய்த வேடரை எங்ஙனம் நாயனாராகப் போற்றுகின்றது?' இவ்வையத்தை மழுப்பி விடுதல் தகாது. சேக்கிழார் வேட்டையைப் புகழ்ந்தாரல்லர். வேட்டையிற் பிறந்து வளர்ந்த ஒருவர்தம் அன்பைப் புகழ்ந்தார். கண்ணப்பர் ஊன் படைத்தார் என்று நாம் படைக்க முற்படுதல் பேதைமை. அவர் கண்ணையும் படைத்தார் என்பதை அவ்வாறு கூறுவோர் மறந்துவிடுகின்றனர். தாம் அறிந்த உணவுள் மிகச் சிறந்ததை, தாம் பசித்திருந்தபோதே ஈந்தமைதான் அவர் வழிபாடு. ஆகம முறைப்படி பூசித்த சிவகோசரியாரையும் இறைவன் தள்ளினானல்லன். அவருக்கு இவ்வன்பின் திறத்தை மறைந்திருந்து காணுமாறு காட்டினான்.

நம் பக்கத்து வரலாறு ஒன்றையும் இதனோடு வைத்து எண்ணுக. கீழவாஞ்சூருக்குத் தெற்கே, நாகூரைக் கடந்தால் நாகப்பட்டினம். அதன் கடற்கரை நுளைப்பாடியிலே பரதவர் குலத்தில் தோன்றியவர் அதிபத்த நாயனார். நாள்தோறும் வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றைச் 'சிவனுக்கு' என்று கடலிலே விடுதல் அவர் நியமம். பல நாள் ஒரு மீனே அகப்பட, அதனையும் விட்டுப் பட்டினி கிடந்தார். பின்னர் ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்தாற்போன்ற மீன் அகப்பட்டது, அதனையும் விட்டார். ஆவணித் திங்கள் ஆயிலிய நாள் அவர்தம் குருபூசை நாள். காளத்தி மலை வேடர் வேட்டையின் முதற்பொருளை இறைவனுக்கு ஈந்தார். நாகைக் கடல் பரதவர் வேட்டையின் ஒருபொருளை உயிரோடு விடுத்தார். இருவரும் நமக்குக் காட்டுவது ஒரு நெறியே: அகப்பட்டதெல்லாம் எனக்கே என்னும் எண்ணத்தை விடுதல்.

இந்நாளில் நம் நாட்டில் வேட்டைக்குப் புதியனாய்ப் புகுவார்க்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களை வேட்டையாடுதலைத் தடுத்துள்ளது. இக்கடற்கரையின் தென்கோடியில், குழகர் கோயில் கொண்டருளும் கோடிக்கரையில், வெளிமான்கள் வாழும் காடு 1967இல் சரணாலயமாயிற்று. பனிக்காலத்தில் வடபுலத்திலிருந்து வரும் நீர்ப்பறவைகளுக்கும் அக்கரை புகலிடம். வழியிடையே நம் ஏரி குளங்களிலும் உப்பளங்களிலும் இறங்கும் அப்பறவைகளுக்கு இரவில் வலையும் கண்ணியும் வைத்தல் சட்டத்துக்கு மட்டுமன்றி, யானைக் கன்றைத் தொடராத அவ்வேடரின் அறத்துக்கும் மாறானது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லாமல் நிறுத்தப்படுகின்றன. மீன்கள் இனம்பெருக்கும் காலம் அது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். வருவாய் குன்றி வருந்தும் பரதவ மக்களுக்கு அது கடுமையான காலமே. ஆயினும் சினைப்பிணையை வருத்தாத வேடர்தம் விதியே கடலில் இன்று இவ்வுருக் கொண்டு நிற்கின்றது என்று கண்டால் அதன் பெருமை விளங்கும்.

தாராசுரத்தில் இரண்டாம் இராசராசன் எடுத்த திருக்கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக வடிக்கப்பெற்றுள்ளன. கண்ணப்பரும் அங்கே உளர். அறுபத்து மூவர் வரிசை அமைந்த கோயில்களில் கண்ணப்பரையும் அதிபத்தரையும் காணலாம். அவர்கள்முன் நிற்கும்போது நம் பிள்ளைகளுக்கு இவ்விரு வரலாறுகளையும் சொல்லுக. தொழில் எதுவாயினும் அதனைப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தொடங்கும் மூத்தோர், அதில் எவை விலக்கத்தக்கன என்பதை முதலிலும், ஈட்டத்தக்கன யாவை என்பதைப் பின்னரும், முதல் ஈட்டம் யாருக்கு உரியது என்பதை முடிவிலும் சொல்லுதல் வேண்டும். திருப்பணிக்குப் பொருளுதவிய அன்பர் பலர் தம் முதல் ஊதியத்தையோ முதல் விளைச்சலையோ திருக்கோயிலுக்கு எடுத்துவைக்கும் வழக்கமுடையர். அவ்வழக்கம் பொன்முகலிக் கரையில் ஒரு வேட்டுவ இளைஞர் தொடங்கி வைத்த மரபின் வழிவந்தது என்பதை அறிந்து செய்வார்களாயின், அக்கொடை அன்பின் பூசையாய்ப் பயன் தரும்.

திருச்சிற்றம்பலம்