கரப்பந்தாட்டமும் கணப்பொழுதின் அளவையும்

1796ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக் கூடத்திற் பணிபுரிந்த கின்னெபுரூக் என்னும் உதவியாளர் தம் வேலையை இழந்தார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் நேரத்தை, தலைவர் மஸ்கலின் குறித்ததிலும் 0.8 விநாடி பிந்திக் குறித்தமையே அவர்மேற் சாட்டப்பட்ட குற்றம். காண்பதற்கும் குறிப்பதற்கும் இடைப்பட்ட காலம் ஆளுக்காள் வேறுபடுதல் இயல்பே எனப் பிற்காலத்திற் பெசல் என்னும் வானியலறிஞர் நிறுவினார். குற்றம் நீங்கியது, போன வேலை மீளவில்லை.

எதிர்வினை நேரம் பற்றிய ஆராய்ச்சி இத்தகையதோர் அநீதியின் வழியே தோன்றியதென்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1850இல் எல்ம்கோல்ட்சு நரம்பிற் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். 1868இல் ஒல்லாந்தராகிய தொண்டர்சு, பல குறிகளுள் ஒன்றைத் தெரிந்து செயற்படுவதற்கு, ஒரே குறிக்குச் செயற்படுவதினும் கூடிய நேரம் வேண்டுமெனக் காட்டினார்.

இவ்வாராய்ச்சிக்கு உகந்த ஆட்டம் கரப்பந்து. 1895இல் அமெரிக்காவின் ஓலியோக் நகரில் மோர்கன் என்பார் வகுத்த இவ்வாட்டம், 1916இல் கொழும்பு கிறித்தவ வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த கமாக் என்பவரால் இலங்கைக்குக் கொணரப்பட்டது. 1991இல் நாட்டின் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கு இதனிலும் பொருத்தமான ஆட்டம் அரிது. சரிவே நிலமாகிய அவ்விடங்களிற் கிரிக்கெட்டுக்கு வேண்டும் மைதானத்தை எங்கே தேடுவது? கரப்பந்துக்கோ 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமுங் கொண்ட சமதரையும், வலையொன்றும், பந்தொன்றும் போதும்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து, வேகங் குறையாதெனக் கொண்டால், 8 மீற்றர் தூரத்தை 0.29 விநாடியிற் கடந்துவிடும். விழும் அளவுகோலை விரல்களாற் பற்றும் எளிய சோதனையில், 20 சென்ரிமீற்றரிற் பற்றியவன் 0.20 விநாடியும், 15 சென்ரிமீற்றரிற் பற்றியவன் 0.175 விநாடியும் எடுத்தவனாவான். கருவி வாங்கப் பணமில்லாத தோட்டப் பாடசாலையும் இதனைச் செய்யலாம். இலாகவத்தை அளப்பதற்கு, ஆங்கில 'ரி' எழுத்தின் வடிவில் நான்கு அடையாளங்களை நிறுத்தி, முன்னோடியும் பக்கவாட்டில் நகர்ந்தும் பின்னோடியும் ஏறத்தாழ 36½ மீற்றரைக் கடக்கச் செய்வர்.

எனினும், இவ்வெண்களை மட்டும் நம்பி ஓர் இளைஞனை அணியினின்று நீக்குதல் மஸ்கலின் செய்த பிழையையே மீளச் செய்வதாகும். தேர்ந்த ஆட்டக்காரன் பந்து புறப்பட்ட பின்னர் விரைபவனல்லன். எதிரியின் தோளையும் ஓடிவரும் கோணத்தையும் கண்டு, அடி விழுமுன்னரே இடம் பெயர்பவன். அளவுகோலோ இவ்வூகத்தை அறியாது. ஓட்டச் சோதனையும் தரைக்கேற்ப மாறுவது. மழையில் நனைந்த புற்றரையில் வெறுங்காலுடன் ஓடிய தோட்டத்து மாணவனின் நேரத்தை, உள்ளரங்கின் பலகைத் தளத்திற் சப்பாத்தணிந்து ஓடிய நகரத்து மாணவனின் நேரத்தோடு ஒப்பிடுதல் எவ்வாறு தகும்?

ஆதலின், ஒரே தரையில், ஒரே வேளையில், பன்முறை அளந்து, சில திங்கள் கழித்து அவனது எண்ணை அவனது பழைய எண்ணோடே ஒப்பிடல் வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிகுல்ஓயாவில் அமைந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றது. அங்குப் பயில்வோர், அயலிலுள்ள தோட்டங்களின் ஆடுகளங்களுக்கு அளவுகோலுடன் ஒருமுறை சென்று வருதல் பெரிய செலவன்று.