உத்துவன்கந்தையும் வழிப்போக்கர் அச்சமும்

1977ஆம் ஆண்டில் வெஸ் கிரேவன் என்னும் அமெரிக்க இயக்குநர், சிறு முதல் கொண்டு ஒரு திகிற்படம் எடுத்தார். பாலைநிலத்திற் சிக்குண்ட பயணக் குடும்பம் ஒன்றை, குன்றுகளில் மறைந்து வாழும் கொலைக் குடும்பம் ஒன்று வேட்டையாடுவதே அதன் கதை. இதன் மூலம் ஸ்கொத்லாந்தின் சோனி பீன் கதையாகும். கடற்கரைக் குகையில் வாழ்ந்த நாற்பத்தெண்மர், வழிச்செல்வோரைக் கொன்று தின்றனர் என்பது அக்கதை. ஆனால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்து ஆவணம் எதுவும் அதற்கில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் மலிவு நூல்களிலேயே அது அச்சேறிற்று. அவையும் இங்கிலாந்தில் அச்சானவை. அயலாரைக் கொடியராகக் காட்டுவதில் அண்டை நாட்டார்க்கு எக்காலத்தும் ஓர் இன்பம் உண்டு போலும்!

வழிப்போக்கரின் அச்சம் தமிழர்க்குப் புதிதன்று. சங்கச் சான்றோர் பாடிய பாலைத் திணையில், ஆறலைகள்வரின் அம்புபட்டு வீழ்ந்தோரைக் கற்குவியல் மூடிக் கிடக்கும். அதனைப் பதுக்கை என்றனர்.

எம் சபரகமுவை நிலத்திலும் இவ்வச்சத்துக்கு வரலாறு உண்டு. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் முன்னர் சீதாவாக்கை வழியாக ருவான்வெல்லையை அடைந்தே மலையேறினர்; 1800இல் தளபதி மக்டவலின் தூதுக்குழுவும் இவ்வழியே சென்றது. பின்னர் தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் அமைத்த கண்டிப் பெருந்தெரு, கேகாலை, மாவனல்லை வழியாகச் சென்றது. மலைநாட்டுக் கோப்பி மாட்டுவண்டிகளில் ஏறி அத்தெருவாலேயே கொழும்புக்கு இறங்கிற்று. பொருள் செல்லும் தெருவைக் கள்வர் நாடுவது இயல்பன்றோ? தெருவை நோக்கி நிற்கும் உத்துவன்கந்தைக் குன்றைச் சரதியேல் தனக்கு அரணாக்கினான்.

அவனுடைய கூட்டம் பிறப்பாற் கூடிய குடும்பமன்று. சரதியேல் சிங்களவன், அவனுக்கு உற்ற துணையாய் நின்ற மம்மலே மரிக்கார் முஸ்லிம். 1864 மார்ச் 21ஆம் நாள் மாவனல்லையில் அரசினர் அவர்களை வளைத்தபோது, துவான் சபான் என்னும் மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு உயிர்நீத்தார். இருவரும் பிடிபட்டுக் கண்டியில் விசாரிக்கப்பெற்று, மே 7ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலே அம்பேபுசை வரை புகைவண்டி ஓடிற்று. 1867இல் அது கண்டியை எட்டியது. வண்டித்தெருவின் செழிப்பும் அதனோடு தளர்ந்தது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சான்றில்லாத ஸ்கொத்லாந்துக் கதை மாந்தரை அரக்கராக்கிற்று. நீதிமன்றத் தீர்ப்புப் பெற்ற கள்வனையோ எம்மவர் வாய்மொழி, செல்வரிடம் பறித்து வறியோர்க்கு ஈந்த வள்ளலாக்கிற்று. காரணம் என்னை? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டமும், 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய கொடுமையும் கண்டி மக்கள் நெஞ்சில் ஆறாதிருந்த காலம் அது. ஆட்சியாளர்க்குப் பகைவன் எவனோ அவன் மக்களுக்கு உறவினன் ஆயினான் என்பது என் கருத்து. எனினும் வண்டிக்காரரும் சிறு வணிகரும் அத்தெருவில் அஞ்சியே சென்றிருப்பர். அவர்தம் வாய்மொழி எமக்குக் கிட்டவில்லை.

உத்துவன்கந்தை அடிவாரத்தில் இன்று சரதியேல் பெயரால் ஒரு காட்சிக் கிராமம் உள்ளது. கண்டி செல்லும் பயணிகள் இறங்கிப் பார்த்துச் செல்கின்றனர். சபான் இறந்த மார்ச் 21ஐ இலங்கைப் பொலிசார் தம் வீரர் நாளாக ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர்.