புட்டியில் வந்த மெட்டு

வேல்ஸின் வடமேற்கே, ஐரிஷ் கடலுக்குள் நீண்டு கிடப்பது லீன் தீபகற்பம். அங்கே கரை ஒதுங்கிய ஒரு புட்டியைக் குடியானவர் ஒருவர் எடுத்தாராம். வாய் முத்திரையிட்ட அந்தப் புட்டிக்குள் ஒரு பாமாலை மெட்டு இருந்ததாம். ‘டோன் அ போட்டெல்’, அதாவது புட்டி மெட்டு, என்ற வேல்ஷ் பெயர் அப்படி வந்ததாகச் சொல்வார்கள்.

கதையை விட அந்த மெட்டு அச்சேறிய இடம்தான் என்னை இழுத்தது. 1906-இல் வெளிவந்த ‘இங்கிலிஷ் ஹிம்னல்’ என்ற பாமாலைத் தொகுப்பில் மெட்டு இந்தப் பெயரோடு நிற்கிறது. அதன் இசைப் பதிப்பாசிரியர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ்; நாட்டுப்புற மெட்டுகளை ஊர் ஊராகப் போய்க் குறித்துக்கொண்டவர். அவர் கை பட்ட புத்தகத்தில் இருப்பதால் இதுவும் பழைய நாட்டார் மெட்டோ என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அது சரியா என்பதற்கு முதல் சாட்சி மெட்டே. மைனர் ஸ்கேலில் மெதுவாக நகர்வது. நெடுகிலும் ஒரு தட்டுக்குள் மூன்று ஸ்வரம், நம் கணக்கில் திஸ்ரம். நான்கு நீண்ட அடிகளில் மூன்றாவது மட்டும் விலகிப் போக, மற்ற மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. நாட்டார் மெட்டு வாய் மாறும்போது உருவும் மாறும். இதுவோ புத்தகத்துக்குப் புத்தகம் அப்படியே இருக்கிறது. எழுதப்பட்ட மெட்டின் லட்சணம் இது. ஆனாலும் குறிப்புதான், நிரூபணம் ஆகாது.

அடுத்த தடயம், மெட்டின் இன்னொரு பெயர்: ‘எபனேசர்’. வேல்ஸில் மெட்டுக்கு ஊர் அல்லது ஆலயத்தின் பெயரை இடுவது வழக்கம். சங்கடம் என்னவென்றால், அங்கே எபனேசர் என்று ஏகப்பட்ட ஆலயங்கள். பதிவுகள் ‘ரோஸ்’ என்ற ஊரைச் சொல்கின்றன. அதிலும் ஒரு பொறி உண்டு. ரெக்ஸம் அருகே, சேர்ந்திசைக் குழுக்களுக்குப் பேர்போன ரோஸ்லானெர்க்ருகோக் ஊரையும் சுருக்கமாக ரோஸ் என்றே அழைப்பார்கள். அது வட வேல்ஸ். லீன் கதைக்குத் தோதாகத்தான் தெரியும். நமக்கு வேண்டிய ரோஸ் தெற்கே, ஸ்வான்சி பள்ளத்தாக்கில் பாண்டர்டாவே பக்கம் இருக்கிறது.

அந்த ரோஸின் எபனேசர் ஆலயத்துக்குப் போய் வந்தவர் தாமஸ் ஜான் வில்லியம்ஸ். 1869-இல் பாண்டர்டாவேயை அடுத்த அனிஸ்மைடூயில் பிறந்தவர். ‘பள்ளத்தாக்கில் ஒளி’ என்று பொருள்படும் ஓர் ‘ஆந்தம்’ (சபையார் அல்ல, பாடகர் குழு பாடும் நீண்ட உருப்படி) அவர் அமைத்தது. அதன் ஒரு பகுதிதான் இந்த மெட்டு. பிறகு லனெல்லிக்குப் போய் 1903 முதல் 1913 வரை சீயோன் ஆலயத்திலும், அதன்பின் கல்வாரியாவிலும் ஆர்கன் வாசித்தார். இங்கிலிஷ் ஹிம்னல் வந்தபோது அவருக்கு முப்பத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. கடல் பெற்றதாகச் சொல்லப்பட்ட மெட்டின் தகப்பனார் லனெல்லியில் ஞாயிறுதோறும் ஆர்கன் முன் உட்கார்ந்திருந்தார். 1944 வரை உயிரோடும் இருந்தார்.

காலம்தான் இடறுகிறது. பல பாமாலைகள் மெட்டுக்கு 1890 என்று போடுகின்றன. ஆந்தத்தைச் சொல்லும் குறிப்புகளோ 1896 அல்லது 1897 என்கின்றன. எண்ணிக்கையில் 1890 பக்கம்தான் கூட்டம். ஆனால் பாமாலைக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறவர்கள். பத்துப் புத்தகம் சொன்னாலும் பத்துச் சாட்சி ஆகாது. பிந்திய ஆண்டுக்கு ஆந்தம் என்ற பிடிமானம் இருக்கிறது. 1890-ஐ அதோடு பொருத்தினால், பகுதி முழுமைக்கு முன்பே பிறந்ததாக ஆகும். அப்படி நடக்காதென்று சட்டமில்லை. என் தராசு பிந்திய ஆண்டின் பக்கமே சாய்கிறது.

புட்டி எங்கிருந்து வந்தது? 1902-இல் ஒரு விருந்தில் இந்த மெட்டைப் பாடிய இளைஞர் ஒருவர், எங்கே கிடைத்தது என்ற கேள்விக்கு லீன் கரையில் ஒதுங்கிய புட்டியில் என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தார் என்பது பாமாலை வரலாற்று நூல்கள் தரும் விளக்கம். இதுவும் செவிவழிச் செய்திதான். கதையை மறுக்க வந்த இன்னொரு கதை என்றும் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஆண்டு பொருந்துகிறது. 1902-இல் விருந்துப் பேச்சு, 1906-இல் அச்சு. சாமுவேல் டிரெவர் ஃபிரான்சிஸ் இயேசுவின் அன்பைக் கடலாக வைத்து எழுதிய பாடலையும் பின்னாளில் இதே மெட்டில் பாடத் தொடங்கினார்கள். கடல் கதைக்கு அது இன்னும் கொஞ்சம் உப்பு சேர்த்திருக்கும்.

இன்றைய பாமாலைகள் பலவற்றில் வில்லியம்ஸின் பெயர் முறையாக இருக்கிறது. மெட்டின் பெயராக எபனேசர் என்று போட்டுவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் புட்டியையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.