ஊசி, ராட்டை, முடிச்சு: ஒரு மதுரைக் கணக்கு

மனசு சரியில்லையா, கைக்கு ஒரு வேலை கொடு என்பார்கள். எங்க அப்பத்தா பழைய சேலைகளை மடித்து அடுக்கி, ஊசித்தையல் போட்டு போர்வை ஆக்கிவிடும். 2020 ஊரடங்கில் எங்க தெருவிலேயே சிலர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆனா கைவேலை எல்லாருக்கும் நிம்மதி தருமா? நம்ம ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம், வாங்க.

1921 செப்டம்பர். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருக்கிறது. மலபாரில் கலவரம். காந்தியோடு பயணம் செய்த மௌலானா முகமது அலி 14ஆம் தேதி வால்டேரில் கைதாகிறார். அடுத்த வாரம் மதுரைக்கு ரயிலேறிய காந்தி, கூட வந்த பயணிகளிடம் கதர் பற்றிப் பேசுகிறார். "கதர் வாங்க எங்களுக்கு ஏதுங்க காசு?" என்ற ரீதியில் பதில் வருகிறது. 22ஆம் தேதி காலை, மேலமாசி வீதி வீட்டில் முழத்துண்டுக்கு மாறிவிட்டார். அந்தக் கோலத்தில் மக்கள் முன் வந்து நின்ற இடம்தான் காந்தி பொட்டல்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது அவருடைய கைகளைப் பற்றி.

1909ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா சிறையில் அவருக்குக் கிழிந்த கம்பளிகளைச் சேர்த்துத் தைக்கும் வேலை. நாள் பூரா தரையில் குனிந்தபடி தைத்ததில் உடம்பு வலி எடுத்துவிட்டது. அதே மனிதர் 1930ல் எரவாடா சிறையில் விரும்பி நூல் நூற்கிறார். அங்கே உருவான பெட்டி ராட்டைக்கு எரவாடா பெயரே நிலைத்துவிட்டது. நூற்பதை அவர் வேள்வி என்றார். இரண்டும் சிறை, இரண்டும் கைவேலை. ஒன்று வலி, மற்றது அமைதி. முதலாவது திணித்தது, இரண்டாவது தானே எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்!

1924ல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவர் ஜி.ராமச்சந்திரன், "எல்லா இயந்திரமும் வேண்டாமா?" என்று காந்தியைக் கேட்கிறார். தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார், அதில் அன்பு இருக்கிறது என்பது அவர் வாதம். கைத்தையலும் சுமையாகலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது பாருங்க. (இந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில், மதுரை டி.வி.எஸ். அய்யங்காரின் மகளான தன் மனைவி டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து, 1947ல் காந்திகிராமத்தை ஆரம்பித்தவர்.)

1935ல் அகில இந்திய நூற்போர் சங்கம் நூற்பவர்களின் கூலியை உயர்த்தத் தீர்மானம் போட்டது. நூற்பது வேள்வி என்றவர்தான் அதற்கும் பின்னால் நின்றார். கூலிக்கு நூற்கும் பெண்ணுக்கு வேள்வி மட்டும் சோறு போடாதே!

இப்போ நம்ம சுங்குடிக்கு வருவோம். 2005ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. சௌராஷ்டிரச் சமூகத்துப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுக்கி, ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். சாயத்தில் தோய்த்து முடிச்சைப் பிரித்தால் வெள்ளைப் புள்ளி. பார்க்கிற நமக்கு அது தியானம் மாதிரி தெரியும். வீட்டு வேலைக்கு நடுவே எண்ணி எண்ணி முடிகிறவருக்கு அது கழுத்துவலியும் கூலியும்.

ஊசி நிம்மதி தராது என்று நான் சொல்லவில்லை. தரும், நேரமும் கையும் நம்முடையதாக இருந்தால். அப்பத்தா போர்வைக்கு யாரும் கெடு வைக்கவில்லை, அதனால் அது நிதானமாகத் தைத்தது.

அடுத்த தடவை கையால் முடிந்த சுங்குடி வாங்கும்போது பேரம் பேசாதீங்க மக்களே. நம்ம பங்குக்கு, முடிகிறவருக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கட்டும் :-)